உயிர் பிழைக்கின்றன குறைமாதக் குழந்தைகள்; மூளைக் காயத்தைப் பார்ப்பது யார்?

புது தில்லி: இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள், தாயின் கருவில் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறந்தன. அவ்வாண்டில் உலகம் முழுவதும் பிறந்த குறைமாதக் குழந்தைகள் 1.34 கோடி. அதில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டது இந்தியாவின் பங்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2023-இல் வெளியிட்ட அறிக்கை தரும் இந்தக் கணக்கில் வேறெந்த நாடும் இந்தியாவை நெருங்கவில்லை.

இக்குழந்தைகளைக் காப்பாற்றுவதில் நாடு கண்டுள்ள முன்னேற்றம் சிறியதன்று. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாள்களுக்குள் இறப்பவை 2005-இல் 37 ஆக இருந்தன; 2021-இல் அது 19 ஆகக் குறைந்தது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தரும் விவரம் இது. மேற்கு வங்கத்தின் மிகப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றான புருலியாவின் அரசு மருத்துவமனையில் 2003-இல் தொடங்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவே பின்னாளில் நாடு முழுமைக்கும் முன்மாதிரியாயிற்று. இன்று 900-க்கும் மேற்பட்ட பிரிவுகள் மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்குகின்றன. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அவற்றில் அனுமதிக்கப்படுகின்றன. மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜனும் உடல் குளிரும் குழந்தைக்கு வெப்பமூட்டும் கருவியும் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் இதைப் பெரும்பாலான ஏழைப் பெற்றோர் எதிர்பார்த்திருக்கவே முடியாது.

ஆனால், உயிர் பிழைத்து வீடு திரும்பும் குழந்தையின் மூளை எந்த நிலையில் இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தரும் கருவிகளை அறிவியல் வெகுகாலத்துக்கு முன்பே உருவாக்கிவிட்டது. இந்தியாவின் பொது சுகாதாரத் துறையோ அக்கேள்வியை இன்னும் முறையாகக் கேட்கத் தொடங்கவில்லை.

ஓசையற்ற காயம்: குறைமாதக் குழந்தையின் மூளையில் ஏற்படும் காயம் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் லூ ஆன் பபீலும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது. 1,500 கிராமுக்கும் குறைவான எடையுடன் பிறந்த 46 குழந்தைகளின் தலையை அவர்கள் சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்தனர். 20 குழந்தைகளுக்கு மூளைக்குள் இரத்தக் கசிவு இருந்தது. இரத்தக் கசிவுக்கு ஆளாகியும் உயிர் பிழைத்த ஒன்பது குழந்தைகளில் ஏழு குழந்தைகளிடம் அதற்கான வெளி அறிகுறி எதுவுமே காணப்படவில்லை. படம் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஏழும் நலமான குழந்தைகள் என்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கும். கசிவின் அளவை நான்கு நிலைகளாக அவர் வகுத்த முறையே இன்றளவும் மருத்துவர்களிடம் வழக்கில் உள்ளது.

கருவில் 32 வாரங்கள் வரை, மூளையின் நடுவிலுள்ள நீர் நிறைந்த அறைகளை ஒட்டிக் கூழ் போன்ற ஒரு திசு அமைந்திருக்கும். மூளையின் உயிரணுக்கள் பிறந்து வளரும் நாற்றங்கால் அது. அங்கே ஓடும் இரத்தக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. கருப்பைக்குள் அது போதும். வெளியே வந்த குழந்தைக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அச்சுவர் தாங்குவதில்லை. கசிவு ஏற்படுமாயின் பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாள்களுக்குள்ளேயே ஏற்பட்டுவிடும். கசிந்த இரத்தம் நீரோட்டத்தை அடைத்துக்கொண்டால் மூளை அறைகள் வீங்கத் தொடங்கும். அந்த வீக்கம் தலையின் சுற்றளவில் தெரிய வருவதற்குப் பல நாள்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். அளவு நாடா காட்டிக்கொடுக்கும் நேரத்தில் உள்ளே திசு நெடுநாள் நசுங்கியிருக்கும்.

மற்றொரு காயம் இதைவிட நுட்பமானது. மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு இழைகள் செல்லும் வெண்பொருள் என்னும் பகுதியைத் தாக்குவது அது. அந்த இழைகளுக்கு உறை போர்த்த வேண்டிய உயிரணுக்கள் 24 முதல் 32 வாரங்கள் வரையிலான காலத்தில் முதிராத நிலையில் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைபாட்டாலும் நோய்த்தொற்றாலும் முதலில் பாதிக்கப்படுபவை அவையே. இங்கே இரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. குழந்தை பால் குடிக்கும், எடை கூடும், கண் விழித்துப் பார்க்கும். ஒன்றரை வயதில் அது நடக்கவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்கும்போதுதான் மருத்துவமனைப் படலம் மீண்டும் தொடங்குகிறது.

படம் காட்டுவதும் காட்டாததும்: பச்சிளங்குழந்தையின் மூளையைப் பார்க்க இயற்கையே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. உச்சிக்குழி எனப்படும், எலும்பு மூடாத அந்த இடத்தின் மீது அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை வைத்தால் சில நிமிடங்களில் மூளை அறைகளும் இரத்தக் கசிவும் திரையில் தெரிந்துவிடும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, குழந்தையைப் படுக்கையிலிருந்து எடுக்கவும் வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனின் இடத்தை இது பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஆயினும் வெண்பொருளில் பரவலாக ஏற்படும் நுண்காயத்தை அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். அங்கேதான் எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 30 வாரங்களிலோ அதற்கு முன்போ பிறந்த 167 குழந்தைகளுக்கு, அவை இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய நாளையொட்டி எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டு வயது வரை தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. ஐந்தில் ஒரு குழந்தைக்கு நடுத்தர அல்லது கடுமையான வெண்பொருள் பாதிப்பு இருந்தது. இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியிலும் உடல் இயக்கத்திலும் பின்தங்கிய குழந்தைகள் யார் என்பதை அப்படங்கள் பெருமளவு முன்கூட்டியே சுட்டியிருந்தன.

அதன் பின்னர் வந்த நுட்பங்கள் இன்னும் ஆழமானவை. மூளையிலுள்ள நீரின் மூலக்கூறுகள் நரம்பு இழையின் போக்கிலேயே எளிதாக ஓடும். குறுக்கே ஓடுவது கடினம். இழைக்கட்டு சிதைந்திருந்தால் நீர் எத்திசையிலும் பரவும். இந்த வேறுபாட்டை அளந்து, மூளையின் எந்தப் பாதை சீராக வளர்கிறது, எது தடைப்பட்டிருக்கிறது என்பதை வரைபடமாக்குகிறது ஒரு முறை. உறங்கும் குழந்தையின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு ஒத்திசைந்து இயங்குகின்றன என்பதை இரத்த ஓட்டத்தின் வாயிலாகக் கணிக்கிறது மற்றொன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து பச்சிளங்குழந்தைகளின் மூளை இணைப்புகளை இவ்வாறு படமெடுத்து, உலக ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்துள்ளன. குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் சுற்றி, காதுகளை மூடிவிட்டால் இயல்பான உறக்கத்திலேயே இப்படங்களை எடுத்துவிடலாம் என்பதும் நடைமுறையில் நிறுவப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. புதிய கருவி என்றதும் அதை வாங்குவதே தீர்வு எனக் கருதும் போக்கு தலைநகரின் அமைச்சகங்களில் புதிதன்று. குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் என்ன பயன் என்பதை பிரிட்டனில் 511 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு சோதித்தது. அதன் முடிவு 2018-இல் வெளிவந்தது. அல்ட்ராசவுண்டைவிட எம்.ஆர்.ஐ. சற்றே மேலாகக் கணித்தது, பெற்றோரின் கவலை சற்றே குறைந்தது, செலவோ கூடியது. முறையாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட், எல்லோரும் நினைப்பதைவிட வலிமையானது என்பது இதிலிருந்து பெறத்தக்க பாடம். மூளையிலுள்ள ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து அளந்து அதற்கேற்பச் சிகிச்சை அளித்தால் இறப்போ கடுமையான மூளைக் காயமோ குறையுமா என்று 1,601 குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வும், குறையவில்லை என்றே 2023-இல் அறிவித்தது. பார்ப்பது வேறு, காப்பது வேறு.

அப்படியானால் பார்ப்பதால் என்ன பயன்? நாளைக் கைப்பற்றலாம் என்பதே பயன். மூளை முடக்குவாதத்தைப் பன்னிரண்டு மாதம் முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் கண்டறிவதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அதை ஐந்து மாதங்களுக்கு முன்பே பெருமளவு உறுதியாகக் கண்டறியலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2017-இல் அறிவித்தது. அதற்கு அக்குழு பரிந்துரைத்த கருவிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று எம்.ஆர்.ஐ. மற்றொன்று, நெதர்லாந்தில் பணியாற்றிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல் உருவாக்கிய முறை: மல்லாந்து படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தையின் கை கால் அசைவுகளைச் சில நிமிடங்கள் படம்பிடித்து, அவற்றின் நளினத்தைப் பயிற்சி பெற்ற கண்ணால் எடைபோடுவது. நலமான குழந்தையிடம் அந்த வயதில் இடையறாத சிற்றசைவுகள் காணப்படும். மூளை காயமுற்ற குழந்தையிடம் அவை இரா. துல்லியத்தில் இம்முறை எம்.ஆர்.ஐ.-க்கும் மேலாக, 98 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. இதற்குத் தேவைப்படுவது ஒரு கைபேசி. பல கோடி ரூபாய் இயந்திரமும் பாமரரின் கைபேசியும் ஒரே பரிந்துரையில் அருகருகே நிற்பது இந்தியா போன்ற நாட்டுக்கு நல்வாய்ப்பு.

முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்தது. அக்காலத்தில் தொடங்கும் பயிற்சியால் காயம் மறைந்துவிடாது. ஆனால், இடுப்பு எலும்பு நழுவுதல், தசை இறுக்கம், பார்வைக் குறைபாடு போன்ற தொடர் கேடுகளைக் கண்காணித்துக் குறைக்க வழி பிறக்கும். மூளை அறைகள் வீங்கும் குழந்தைக்கோ நாள்களே கணக்கு.

பட்டியலில் கண் உண்டு, மூளை இல்லை: பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் உடற்குறைகளைத் தேடிக் கண்டறிய மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தேசிய அளவிலான சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்பது அதன் பெயர். அதன் பட்டியலில் தொடக்கத்தில் 30 குறைபாடுகள் இருந்தன. பிறக்கும்போதே தேட வேண்டியவை ஒன்பது. பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இதயக் குறைபாடு முதலியவற்றோடு, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோயும் அதில் இடம்பெற்றுள்ளது. குறைமாதக் குழந்தையின் மூளைக் காயம் இல்லை. மூளை அந்தப் பட்டியலுக்குள் வருவது வேறொரு பகுதியில்: இயக்கத் தாமதம், அறிவு வளர்ச்சித் தாமதம், மொழித் தாமதம் என்ற பெயர்களில். அதாவது, காயம் குறைபாடாக முற்றிய பிறகே அரசின் கண்ணுக்கு அது புலனாகிறது.

கண் எவ்வாறு அரசின் கவனத்துக்கு வந்தது என்பதைத் தமிழக வாசகர்கள் நினைவுகூர்வது நல்லது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை. அது தேவை என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. தந்தை நடத்திய நெடிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முன்கூட்டியே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கேட்டைப் பார்க்காமல் விட்டதே குற்றம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017-இல் பச்சிளங்குழந்தைகளின் கண் பரிசோதனைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூளைக்காக அத்தகைய வழக்கு எதுவும் நாட்டை உலுக்கவில்லை. விழித்திரை நோய்க்கு உடனடிச் சிகிச்சை உண்டு, மூளைக் காயத்துக்கு அவ்வாறு இல்லை என்ற வாதம் ஓரளவு உண்மையே. ஆனால், சிகிச்சையின் வரம்பைக் காட்டிப் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதை நியாயப்படுத்த இயலாது.

மத்திய அரசே 2014 செப்டம்பரில் வெளியிட்ட இந்தியப் பச்சிளங்குழந்தைகள் செயல்திட்டம், 2030-க்குள் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்க உறுதி பூண்டது. அத்திட்டத்தின் ஆறு தூண்களில் ஆறாவது, உயிர் பிழைத்த பிறகான பராமரிப்பு. முதல் ஐந்து தூண்களும் இறப்பு விகிதம் என்ற ஒற்றை எண்ணால் அளக்கப்படுகின்றன; நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தாலும் அந்த எண்ணே விடையாகிறது. ஆறாவது தூணை அளக்க அத்தகைய எண் எதுவும் பேசப்படுவதில்லை.

பெண் சிசுவைக் காத்த சட்டம்: இந்த இடத்தில் ஒரு சிக்கலான கேள்வியைத் தவிர்க்க முடியாது. குழந்தையின் தலையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இயந்திரமே, முனையை மாற்றினால் கருவிலிருக்கும் சிசுவின் பாலினத்தையும் காட்டும். 1994-இல் இயற்றப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் அத்தகைய ஒவ்வோர் இயந்திரத்தையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு இல்லாதவருக்கு இயந்திரத்தை விற்பதும் குற்றம். எந்த இடத்தில், யார் இயக்குகிறார் என்பதும் பதிவாக வேண்டும்.

இச்சட்டம் எளிதில் வந்ததன்று. மகாராஷ்டிரத்தில் பெண்கள் அமைப்புகள் போராடி 1988-இல் மாநிலச் சட்டம் பெற்றன. மத்தியச் சட்டம் ஏட்டளவில் கிடந்தபோது, செஹாட், மாசும் ஆகிய அமைப்புகளும் சமூக ஆர்வலர் சாபு ஜார்ஜும் 2000-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகி அதற்கு உயிரூட்டினர். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001-இல் 927. 2011-இல் அது மேலும் சரிந்து 919 ஆயிற்று. இந்நிலையில் இயந்திரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள் என்று எவர் கேட்டாலும் பெண்கள் அமைப்புகள் ஐயுறுவதற்குப் போதிய காரணம் உண்டு. மருத்துவத் தொழிலின் ஒரு பகுதியினர் இச்சட்டத்தைத் தொடக்கம் முதலே எதிர்த்து வந்தவர்கள் என்பதும் மறைக்க முடியாதது.

மறுபுறம், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களின் குறையும் கற்பனையன்று. நள்ளிரவில் ஒரு குழந்தையின் உச்சிக்குழி புடைக்கிறது. கதிரியக்கத் துறையில் இருக்கும் இயந்திரத்தை அங்கே உருட்டி வர முடியுமா, வந்தாலும் பதிவில் பெயரில்லாத குழந்தை மருத்துவர் அதைத் தொடலாமா என்ற தயக்கம் இருக்கிறது. பதிவேட்டில் பிழை என்றாலே இயந்திரத்துக்கு முத்திரை வைக்கப்படும் என்ற அச்சம் மருத்துவமனை நிர்வாகங்களை எச்சரிக்கையின் பக்கமே சாய்க்கிறது.

சட்டத்தை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. எடுத்துச் செல்லத்தக்க இயந்திரங்களைப் பற்றிய விதி 2012-இல் திருத்தப்பட்டபோது, பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்காக அவற்றைப் பயன்படுத்த அனுமதி தரப்பட்டது. வெப்பமூட்டும் கருவியின் கீழ்ப் படுத்திருக்கும் குழந்தையைவிட உண்மையான உள்நோயாளி யார்? ஆக, சக்கரம் பூட்டிய இயந்திரம் அதே மருத்துவமனையின் கதிரியக்கத் துறையிலிருந்து குழந்தைகள் பிரிவுக்குச் செல்வதை இச்சட்டம் தடுக்கவில்லை. இயக்குபவரைப் பற்றிய ஏற்பாடே குறையுடையது. எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் இயக்குவதற்கென 2014-இல் வகுக்கப்பட்ட ஆறு மாதப் பயிற்சி, வயிறு, இடுப்புப் பகுதிகளின் ஸ்கேனை மையமாகக் கொண்டது. பச்சிளங்குழந்தையின் தலை அதன் நோக்கமே அன்று. தலைப் பரிசோதனைக்கு மட்டுமேயான சிறு முனை பொருத்திய இயந்திரம், குழந்தை மருத்துவர்களுக்கான தனிப் பயிற்சி, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் குழந்தையின் பெயரில் பதிவு என்ற ஏற்பாட்டை அமைச்சகம் வகுத்துவிட்டால், பெண் சிசுவுக்கான காவலில் ஓர் ஓட்டையும் விழாது. சட்டத்தைத் தளர்த்துவதா கூடாதா என்ற பழைய சண்டைக்கு இங்கே வேலையில்லை.

இயந்திரங்களின் புவியியல்: எம்.ஆர்.ஐ.-யைப் பொருத்தமட்டில் நிலைமை வேறு. அவ்வியந்திரம் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள குழந்தையை, உடல் வெப்பம் குறையாமல், மூச்சு தடைப்படாமல் மாவட்டத் தலைநகரிலிருந்து அங்கே கொண்டு செல்வதே ஓர் ஆபத்து. எடுத்த படத்தைப் படிக்கத் தெரிந்த, குழந்தை நரம்பியல் அறிந்த கதிரியக்க மருத்துவர் கிடைப்பது அதைவிட அரிது. வயது வந்தோரின் மூளைப் படத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, உறை போர்த்தப்படாத குழந்தை மூளையின் கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகத் தோன்றும்.

உள்நாட்டுத் தயாரிப்பில் சில முயற்சிகள் நடந்துள்ளன. பெங்களூரைச் சேர்ந்த வாக்செல்கிரிட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர் ஜிதேந்திர சிங் 2023 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தினார். மத்திய அரசு நிறுவனமான சமீர் உருவாக்கிய மற்றோர் இயந்திரத்தை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிறுவிச் சோதிக்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. படுக்கையருகே உருட்டிச் செல்லத்தக்க, 0.064 டெஸ்லா மட்டுமே ஆற்றல் கொண்ட சிறு இயந்திரம் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. படத்தின் தெளிவு குறைவு. ஆனால் தனி அறை, கனத்த மின் இணைப்பு எதுவும் வேண்டாம். புருலியா போன்ற இடங்களுக்கு அத்தகையது ஒரு நாள் பொருந்தக்கூடும்.

எனினும் இந்தியக் குழந்தைகளிடம் சோதிக்காமல் எதையும் ஏற்பது அறிவுடைமை ஆகாது. நிறைமாதத்தில் பிறந்து, பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் வெற்றி கண்டது. சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட இடங்களிலும் இலங்கை, வங்கதேசத்திலும் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. வழக்கமான பராமரிப்புப் பெற்றவற்றில் 31 சதவீதம். முடிவு 2021-இல் வெளியாயிற்று. குறைமாதக் குழந்தைகளின் மூளைப் படங்களைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கும் கணினி முறைகளும் மேலை நாட்டுக் குழந்தைகளின் படங்களில் பழகியவையே. கருவில் வளர்ச்சி குன்றி, இரத்தசோகையுள்ள தாய்க்குப் பிறந்த இந்தியக் குழந்தைக்கு அக்கணிப்பு பொருந்துமா என்பதை இங்கேதான் ஆராய வேண்டும்.

இவற்றைவிட மலிவானவை காயம் வராமல் தடுக்கும் வழிகள். குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்கு உரிய நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி இடுவதால் குழந்தையின் உயிர் காக்கப்படுகிறது என்பதை இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-இல் உறுதி செய்தது. 32 வாரங்களுக்கு முன் பிரசவம் நேரும் நிலையில் தாய்க்குத் தரப்படும் மெக்னீசியம் சல்பேட் குழந்தையின் மூளையைக் காக்கும். வலிப்புக்காக அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கும் மருந்துதான் அது. மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்குத் தரப்படும் காஃபின், மூளை முடக்குவாதத்தை 7.3 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாகக் குறைத்ததைப் பன்னாட்டு ஆய்வு 2007-இல் காட்டியது. பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வில் இறப்பைக் கால் பங்கு குறைத்தது. மூளையைப் படமெடுக்கத் தொடங்கும் மருத்துவமனை, இந்நான்கையும் தான் எந்த அளவு செய்கிறது என்பதையும் அப்படங்களிலேயே கண்டுகொள்ளும். மூளைக் கசிவின் விகிதம் ஒரு மாவட்டத்தில் அதிகமாகவும் அடுத்த மாவட்டத்தில் குறைவாகவும் இருந்தால், கேள்வி கேட்கப்பட வேண்டியது தாயிடம் அல்லவே.

படம் காட்டிய பிறகு குழந்தை எங்கே போகும் என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என ஒரு குழுவே அங்கு இருக்க வேண்டும். அப்பணியிடங்கள் பெரும்பாலும் தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணியிடங்கள். வாரம் இருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வரும் கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்நாளின் ஊதியம் போகும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். மூன்று மாதத்தில் ஆபத்து கண்டறியப்பட்ட குழந்தைக்கு அச்சான்றிதழ் கிடைக்காது. ஏனெனில் அக்குழந்தை இன்னும் மாற்றுத்திறனாளி ஆகவில்லை. முன்கூட்டியே கண்டறிவதன் பயன் முழுவதும் அந்த இடைவெளிக் காலத்தில்தான் அடங்கியிருக்கிறது. உதவித் திட்டங்கள் தொடங்குவதோ அது முடிந்த பிறகு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இக்குழந்தைகளை வீட்டுக்கே சென்று பார்த்துவரும் பொறுப்பு ஆஷா பணியாளர்களிடம் உள்ளது. எடை, தடுப்பூசி, தாய்ப்பால் ஆகியவற்றை அவர்கள் குறித்துக்கொள்கின்றனர். மூன்றாம் மாதச் சந்திப்பில் குழந்தையின் அசைவை ஐந்து நிமிடம் கைபேசியில் பதிந்து மாவட்ட மையத்துக்கு அனுப்புவதைப் பணியாக்கினால், அதற்குரிய ஊக்கத்தொகையும் பயிற்சியும் படத்தைப் பார்த்து விடை சொல்லும் ஒருவரும் வேண்டும். ஊக்கத்தொகையை நிர்ணயிப்பது மத்திய அரசு. பயிற்சியும் பணியிடமும் மாநில அரசுகளின் பொறுப்பு.